இரண்டு வலமுறுக்கு, இரண்டு இடமுறுக்கு

கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால்தான் நான் இராஜபாளையம் போனேன். மான்செஸ்டரில் குளிர்காலம். பல்கலைக்கழக வாசலில் உறைந்து கிடந்த பனியில் கால் வைத்து, நாலு பேர் பார்க்க விழுந்தேன். ஆய்வகத்து முதலுதவிப் பெட்டியிலிருந்து கிரேப் பேண்டேஜ் ஒன்றை எடுத்துச் சுற்றிவிட்டார்கள். மாலையில் வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். குதிகால் திரும்பும் இடத்தில் அந்தத் துணி மடியவில்லை. நெளிநெளியாகச் சுருங்கி, வளைவோடு வளைந்து போனது. உறையைத் தேடி எடுத்துப் பார்த்தால் இராஜபாளையம் என்று போட்டிருந்தது.

இதில் எனக்கென்ன என்று கேட்கலாம். அப்போது என் வேலை குழாய் செய்வது. கையில் காலில் நரம்பு அறுந்துபோனால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். இடைவெளி கூடுதலாக இருந்தால் தைக்க எட்டாது. காலிலிருந்து வேறொரு நரம்பை வெட்டி எடுத்து நடுவில் வைத்து ஒட்டுப் போடுவார்கள். அதற்குப் பதிலாகத் தீக்குச்சிப் பருமனில் ஒரு குழாயை நடுவில் வைத்தால், நரம்பு அதற்குள்ளேயே நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் குழாய் உடம்பிலேயே கரைந்துவிடும். இதுதான் எங்கள் திட்டம். எலிகளிடம் ஓரளவு பலித்தது. ஆனால் மூட்டு மடங்கும் இடத்தில் குழாயும் மடிந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் போல அடைத்துக்கொண்டது. மூன்று வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது.

பேராசிரியரிடம் பேண்டேஜைக் காட்டினேன். நூறு வருடத்துக்கு முன்னால் என்றால் உன்னை அடுத்த தெருவுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். உலகத்துக்கே துணி நெய்த ஊர் அது. நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தெருவிலிருந்த இரண்டு ஆலைகளில் ஒன்று அருங்காட்சியகம், இன்னொன்று மதுக்கடை. கோடை கழிந்ததும், கரையும் நூலில் ஒரு சிறிய கண்டைக் காற்றுப் புகாமல் மூடிக் கொடுத்து, பத்து நாள் விடுப்பும் கொடுத்தார். குழாய் மடியாமல் வரவில்லை என்றால் திட்டத்தை மூடிவிடுவோம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

நான் சென்னைக்காரன். செங்கல்பட்டுக்குத் தெற்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில் ஜன்னலில் பார்த்ததுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம், வெளிநாட்டிலிருந்து வந்து, அதைவிடத் தெரியாத ஊரில் இறங்கினேன்.

லாட்ஜில் பதிவேட்டை நீட்டினார்கள். வந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மேனேஜர் பேனாவோடு காத்திருந்தார். நரம்பு அறுந்தவர்களுக்குக் குழாய் வைக்கிற ஆராய்ச்சி என்றேன். கட்டம் சிறியது. அவர் "நரம்பு வைத்தியம்" என்று எழுதிக்கொண்டார்.

பேண்டேஜ் தயாரிப்பவர் மதியம் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். சுடுசோற்றில் நெய் ஊற்றி ஆவக்காய் ஊறுகாயைப் பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். ஆறு வருடமாக வேகவைத்த உருளைக்கிழங்கில் உப்பைத் தேடிய நாக்கு திகைத்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. முதலாளியும் அவர் தம்பியும் என்னைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்குதான். பிறகு தறி மாஸ்டர் அருள்ராஜ் அதை எனக்கு மொழிபெயர்த்தார்: "ஊறுகாய்க்கே அழுகிறான், இவன் எப்படி எலியை அறுக்கிறான்?"

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார்கள். வராந்தாவில் ஒன்பது பேர் நின்றார்கள். ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியையும் கால்சட்டையையும் முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார்கள். கெண்டைக்காலில் ரத்தக்குழாய்கள் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. நூற்பாலையில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு வருவது. ஊரில் அதற்குப் பெயர் நரம்புச் சுருட்டு.

தப்பு என்னுடையதுதான். நரம்பு ஊசி என்றால் ரத்தக்குழாயில் போடுகிற ஊசி. கோபம் வந்தால் கழுத்தில் புடைப்பது நரம்பு. வெற்றிலையில் கிள்ளி எறிவதும் நரம்பு. நான் ஆறு வருடம் ஆங்கிலத்தில் படித்த பொருளுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குப் பங்காளிகள் அதிகம். நான் டாக்டரே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பெரிய டாக்டர்மார் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். கடைசியில், கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்ளுங்கள், படுக்கும்போது காலுக்குத் தலையணை வையுங்கள் என்றேன். பேண்டேஜ் செய்கிற ஊரில் பேண்டேஜையே மருந்தாகச் சொன்னதில் ஒருவருக்கும் திருப்தியில்லை.

வரிசையில் கடைசியாக நின்றவர் கணேசன், மில் தொழிலாளி. கூட அவர் மனைவி, முப்பது வயதிருக்கும். மரியாதைக்கு அவரிடமும் உங்களுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"எனக்கு நரம்பெல்லாம் நல்லாருக்கு சார். அவுகளுக்குத்தான்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தறிக்கூடத்தில் அதே பெண்மணியைப் பார்த்தேன். பெயர் பாக்கியம். கிரேப் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அருள்ராஜ் அறிமுகப்படுத்தினார். என் குழாயை நெய்யப் போவது அவர்தான். வந்திருந்த ஆள் யார் என்று தெரிந்ததும் பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

துணி வளைவதன் ரகசியம் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கிரேப் நூல் அளவுக்கு மீறி முறுக்கேற்றிய நூல். தளர்த்தினால் கோபக்காரன் மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். நீளவாக்கில் ஓடும் பாவில் இரண்டு இழை வலமுறுக்கு, அடுத்த இரண்டு இடமுறுக்கு என்று மாற்றி மாற்றிக் கோக்கிறார்கள். நெய்தபின் சுடுதண்ணீரில் போட்டால் ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுக்கும், துணி நெளிந்து நிற்கும்.

"எல்லாம் ஒரே பக்க முறுக்கா இருந்தா ஒங்க குழாய் திருகிக்கிட்டு ஒருக்களிச்சுப் போயிரும்" என்றார் பாக்கியம். "ரெண்டும் இருந்தாத்தான் ஒண்ண ஒண்ணு புடிச்சு நிறுத்தும்." மூன்று வருடமாக நாங்கள் குழாயின் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போயிருந்தோம்.

நாடா நெய்யும் சின்னத் தறியில், உள்ளே பொந்து இருக்கும்படி நெய்வதாக ஏற்பாடு. முதலில் பருத்தி நூலில் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் கரையும் நூல். வலமுறுக்கும் இடமுறுக்கும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பாக்கியம் இடமுறுக்கு நூல்களுக்கு மட்டும் நுனியில் சொட்டு நீலம் தொட்டு வைத்திருந்தார். எவ்வளவு எளிய முறை என்று வியந்து, நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொண்டேன். மற்ற தறிகளில் யாரும் நீலம் தொடவில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு ஒழுங்கு இல்லை என்று நினைத்தேன்.

இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். பக்கத்துத் தறிப் பெண்கள் எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டே இரண்டு விரலால் போட்டுவிடுவார்கள். பாக்கியம் இழையை மூக்குக்கு நேரே தூக்கி, உற்றுப் பார்த்துப் போட்டார். அன்று வெள்ளிக்கிழமை, நாள் முழுக்க அதைக் கவனித்துவிட்டு, அறிவாளியாக, கண்ணைச் சோதித்துப் பாருங்கள், கண்ணாடி தேவைப்படும் என்று சொன்னேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை தறிகள் பாதி ஓடவில்லை. புரட்டாசிச் சனி. அருள்ராஜுக்கு ஞாயிறுதான் கோயில் என்பதால் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். என் குழாய்க்கு, பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு இன்னும் நெருக்கமாகத் தேவைப்பட்டது. அதைக் கட்டித் தருபவர் அங்கே இருந்தார். வேலை முடிந்ததும் அருள்ராஜ் உறவினர் வீட்டுக்குப் போக, நான் தனியாகப் பஸ் ஏறினேன். பஸ் நகர்ந்த பிறகு கண்டக்டர் "திருவண்ணாமலை, திருவண்ணாமலை" என்று கூவினார்.

எனக்குத் தெரிந்த திருவண்ணாமலை அங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். பதறி எழுந்து, நான் இராஜபாளையம் போகவேண்டியவன், சிவன் கோயிலுக்கு இல்லை என்றேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "இங்ஙன பெருமாள்தான் தம்பி, பயப்படாதீய" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். இறக்கிவிடச் சொன்னேன். கூட்டத்தில் நான் வாசலை எட்டுவதற்குள் மலையடிவாரமே வந்துவிட்டது.

அங்கே பாக்கியமும் கணேசனும் சாமி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி வந்தார்கள். வழிதப்பிய கதையைச் சொன்னதும் கணேசன் தூக்குச்சட்டியைத் திறந்து புளியோதரை கொடுத்தார். நல்ல புளியோதரை. காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் டாக்டரைப் பார்த்ததாகப் பாக்கியம் சொன்னார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று நான் முடிவுசெய்தேன்.

திங்கட்கிழமை பருத்திக் குழாய் முடிந்தது. விரல் நீளம். அருள்ராஜ் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தார். குழாயைப் போட்டதும் புழு மாதிரி சுருங்கி நெளிந்தது. எடுக்க இடுக்கியைத் தேடினோம். அதற்குள் பாக்கியம் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்ணீருக்குள்ளிருந்தே எடுத்து, என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் வாங்கினேன். சூடு தாங்காமல் கீழே போட்டேன்.

குனிந்து எடுத்து வளைத்துப் பார்த்தேன். மடியவில்லை. வட்டமாக வளைத்தேன், முடிச்சே போட்டேன், உள்ளே வழி திறந்தே இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறை. ஆனால் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பாக்கியத்தின் விரல் நுனிகள் சிவந்து கன்றிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கண்ணை மூடச் சொன்னேன். பேனா மூடியால் சுண்டுவிரலைத் தொட்டேன், சொன்னார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் தொட்டேன். இன்னும் தொடவில்லையே சார் என்றார். கட்டைவிரலடிச் சதை வற்றியிருந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு தழும்பு. எட்டு மாதத்துக்கு முன் வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிழித்ததாம். ஒரு டிஸ்பென்சரியில் தோலைத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நோட்டில் நான் படம் போட்டுக் குறித்த சொட்டு நீலம் என்ன என்று அப்போது புரிந்தது. மற்ற பெண்கள் நூலை இரு விரலுக்கிடையில் உருட்டியே வலமா இடமா என்று கண்டுபிடிக்கிறார்கள். இவர் விரலுக்கு நூல் இருப்பதே தெரியவில்லை. நரம்பைப் பற்றி ஆறு வருடம் படித்தவன், கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

"ஒங்க கையில நரம்பு அறுந்திருக்கு" என்றேன்.

"ரத்தமெல்லாம் அன்னைக்கே நின்னுருச்சே சார்" என்றார் பாக்கியம்.

அது இல்லை, இது வேறு நரம்பு என்று விளக்குவதற்குள் நாக்கு வறண்டது. விரலிலிருந்து மூளைக்குச் சேதி போகிற கம்பி என்றேன். தந்திக்கம்பி அறுந்தால் ரத்தமா வரும் என்று அருள்ராஜ் உதவிக்கு வந்தார். பாக்கியம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "மொதலாளிட்ட சொல்லிராதிய சார். தறியில இருந்து எடுத்து பேக்கிங்குல போட்டுருவாவ. இந்த வேலையில்லாம எனக்கு என்ன தெரியும்?"

வாசலில் முதலாளியும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு திரும்பிப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று அருள்ராஜிடம் கேட்டேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "கடைசியில் சொல்லிவிட்டாள்" என்றாராம் அண்ணன். "நாம் கேட்டால் வேலை போய்விட்டது என்று பயந்துவிடுவாளே என்றுதானே எட்டு மாதம் பேசாமல் இருந்தோம்" என்றாராம் தம்பி.

முதல் மாதமே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நீலம் யாரும் கேட்காமலே டஜனாக வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற பெண்கள் அறுந்த இழையைத் தாங்களே போய்க் கட்டிவிட்டுத் தெரியாத மாதிரி வந்திருக்கிறார்கள். பாக்கியம் மறைத்தார், அவர்கள் மறைத்ததை மறைத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அறுந்த நரம்பு காத்திருக்காது. ஒரு வருடத்துக்கு மேல் போனால், பிறகு ஒட்டுப் போட்டாலும் பெரிதாகப் பயன் இருக்காது. அந்த எட்டு மாதத்தை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மதுரையில் இதைச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், உடனே போக வேண்டும் என்றேன். முதலாளிக்குத் தெரியும், தறி எங்கும் போகாது என்று அருள்ராஜ் சொன்னதும் பாக்கியம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீங்க வெள்ளிக்கிழம கெளம்புதிய. கரையுற நூல்ல குழாய முடிச்சுக் குடுத்துட்டு நான் பொறவு போறேன்" என்றார்.

சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. நாலு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது, அது உண்மைதான். ஆனால் நான் ஊருக்குப் போய்விட்டால் அவர் போகமாட்டார் என்பதும் உண்மை. மறுபடி எல்லோரும் நல்ல மனசோடு பேசாமல் இருந்துவிடுவார்கள். இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நாளைக் காலையே போகலாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கணேசனையும் சேர்த்து மூன்று பேரும் ஏறிய மதுரை ரயில் வழக்கம்போல ஒரு காரணமும் சொல்லாமல் நடுவழியில் நின்றது. ஆஸ்பத்திரி வரிசை அதைவிட மெதுவாக நகர்ந்தது. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாமதம்தான், ஆனால் கைவிட வேண்டியதில்லை என்றார். உணர்ச்சி ஓரளவு திரும்பலாம், கட்டைவிரல் சதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அறுந்த முனைகள் விலகிப் போயிருக்கும், காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போட வேண்டும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப் போகும். யோசித்துச் சொல்லுங்கள் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்து வெளியே அனுப்பினார்.

தாழ்வார பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாக்கியம் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் நெய்ஞ்ச குழாய் இதுக்குத்தானா சார்?"

"ஆமா."

"அத வச்சா கால வெட்ட வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப அதையே வைக்கச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ரயிலில் நான் வாயே திறக்கவில்லை. மனுஷங்களுக்கு இன்னும் வைத்ததில்லை, எலிக்குத்தான் வைத்திருக்கிறோம் என்றேன். அவர் விடவில்லை.

"எலிக்கு நல்லாச்சா?"

"கொஞ்சம் கொஞ்சமாக் காலை ஊன்ற ஆரம்பிச்சது."

"எம்புட்டு நாளாச்சு?"

"மூணு மாசம்."

"பொறவு?"

பொய் சொல்லியிருக்கலாம். "பொறவு அதைக் கொன்னு, நரம்பை எடுத்து, மெல்லிசாச் சீவி, மைக்ராஸ்கோப்ல பார்ப்போம்."

கணேசன் விட்டத்தைப் பார்த்தார். பாக்கியத்துக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"அப்ப கால்லருந்தே எடுத்துக்கிடச் சொல்லுதேன் சார்" என்று சொல்லி, பேனாவைக் கேட்டு வாங்கினார். பேனாவை விரல்கள் சரியாகப் பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் கொதிக்க வைத்தெடுத்த பருத்திக் குழாயையும் பிரிக்காத நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பருத்திக் குழாய் போதுமானதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு, இரண்டு வலம் இரண்டு இடம் என்று பாக்கியம் சொன்னபடியே, அருங்காட்சியகத்துத் தறியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி நெய்தோம். திட்டத்தை மூடவில்லை.

அடுத்த புரட்டாசிக்குள் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில், கண்ணை மூடிக்கொண்டு நூலை உருட்டினால் வலமுறுக்கா இடமுறுக்கா என்று பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொல்வதாக எழுதியிருந்தார். பத்துக்கு ஆறு, காசைச் சுண்டிப் போட்டாலே வரும். எங்கள் தொழிலில் அதற்கு ஒன்றுமில்லை என்று பெயர். ரொம்ப நல்லது, விடாமல் உருட்டுங்கள் என்று பதில் போட்டுவிட்டு, பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாவது கடிதம் அவர் கையாலேயே எழுதியது. எழுத்து கோணலாக இருந்தது. பத்துக்கு ஒன்பது. கட்டைவிரல் சதை வரவில்லை. இடது பாதத்தில் செருப்பு கழன்றது தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து தேடியிருக்கிறார். முதலாளி வீட்டில் சௌக்கியம், மாஸ்டர் சௌக்கியம், இவுகளுக்குக் கால்வலி அப்படியே இருக்கிறது. அங்கே எல்லாரையும், எலிகளையும், நான் கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்திருந்தார்.

ஆய்வகத்தில் அப்போது எட்டு எலிகள் இருந்தன. போய்ச் சொன்னேன்.